கோட் ஆஃப் ஆர்ம்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கேடயத்தில் தீட்டும் ஐரோப்பியக் குடும்பச் சின்னத்துக்கு ஆங்கிலத்தில் ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்று பெயர். அதை அப்படியே பெயர்த்தால் ‘ஆயுதச் சட்டை’ என்று வரும். சிரிப்பு வந்தாலும், அந்தச் சொல் பிறந்தது உண்மையிலேயே ஒரு சட்டையில்தான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் குதிரைவீரர்கள் இரும்புக் கவசத்துக்கு மேல் துணி அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். தலைக்கவசம் முகத்தை மூடியிருக்கும்போது ஆளை எப்படி அடையாளம் காண்பது? கேடயத்தில் தீட்டிய அதே உருவத்தை அங்கியிலும் இட்டார்கள். பிறகு அங்கி வழக்கொழிந்தது. அதன் பெயர் மட்டும் சின்னத்தோடு ஒட்டிக்கொண்டது.

சின்னம் எப்போது குடும்பச் சொத்தானது? 1151இல் இறந்த, பிரான்சின் ஆஞ்சு நாட்டுப் பிரபு ஜெஃப்ரி, நீலக் கேடயத்தில் பொன்னிறச் சிங்கங்களோடு ஓர் எனாமல் தகட்டில் நிற்கிறார். அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பே 1226இல் இறந்தார். சால்ஸ்பரி தேவாலயத்தில் இருக்கும் அவர் கல்லறைக் கேடயத்திலும் அதே சிங்கங்கள்தான். தாத்தாவிடமிருந்து பேரனுக்குச் சின்னம் இறங்கியதற்கு இதைப் பழைய சான்றாகக் காட்டுவார்கள்.

சரி, அந்த உருவங்களுக்குப் பொருள் என்ன? சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் வாய்மை என்று பட்டியல் போடும் பழக்கம் பெரும்பாலும் பிற்காலத்தது. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிவதே அன்றைய கவலை. பொன், வெள்ளி ஆகிய உலோக நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கக் கூடாது, அடர்நிறத்தின்மேல் அடர்நிறமும் கூடாது என்ற விதி அதற்காகத்தான். பல சின்னங்களில் ‘ஆழ்ந்த பொருள்’ என்று தேடினால் கிடைப்பது வெறும் சிலேடை.

ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் சின்னமே நல்ல எடுத்துக்காட்டு. கவிஞரின் தந்தை ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்றவர். 1596 அக்டோபரில் அவருக்குச் சின்னம் வழங்கப்பட்டது. பொன்னிறக் கேடயம், அதில் சரிவாக ஒரு கறுப்புப் பட்டை, பட்டையின்மேல் எஃகு முனை கொண்ட ஈட்டி. கேடயத்துக்கு மேலே வெள்ளி வல்லூறு ஒன்று சிறகை விரித்து, இன்னொரு ஈட்டியைப் பிடித்து நிற்கிறது. ‘ஷேக்’ என்றால் அசை, ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டி. அவ்வளவுதான் தத்துவம்! 1602இல், இத்தகைய சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளில் ஒருவர், இது மௌலி பிரபுவின் சின்னத்தைப் போலவே இருக்கிறது என்று ஆட்சேபித்தார். பட்டைமேல் ஈட்டி இருக்கிறதே, அந்த வேறுபாடு போதும் என்று பதில் வந்தது. வழிவழியாக மகனுக்குப் போக வேண்டிய சின்னம் அது. ஆனால் கவிஞரின் ஒரே மகன் ஹாம்நெட், சின்னம் கிடைப்பதற்கு முன்பே, 1596 ஆகஸ்டில் இறந்துவிட்டான்.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் குடிப்பூ, அதாவது ஒவ்வோர் அரச குடியும் அடையாளமாகச் சூடும் பூ, இருந்தது: சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. போர்க்களத்தில் யார் பக்கம் யார் என்று காட்டும் வேலையை அதுவும் செய்தது. ஆனால் சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது என்ன ஆனது? உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலை) ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி என்று புலவர் கோவூர்கிழார் இடித்துரைக்கிறார் (புறநானூறு 45). குடிப்பூ குடி முழுவதற்கும் பொது. ஐரோப்பியச் சின்னமோ ஒரே வீட்டுக்குள்ளும் ஆளைப் பிரித்துக் காட்டும். ஆங்கில வழக்கில் இரண்டாம் மகன் பிறை ஒன்றைச் சேர்த்துக்கொள்வார், மூன்றாம் மகன் விண்மீன்.

அதனால் ‘குலச்சின்னம்’ எனக்கு ஒப்பவில்லை. குலம் என்றதும் சாதி நினைவு வேறு வந்துவிடும். ‘இலச்சினை’ அழகான சொல்தான், ஆனால் அது முத்திரையைக் குறிக்கும். ‘மரபுச் சின்னம்’ என்பதே பொருத்தம். வழிவழியாக இறங்குவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘கிரெஸ்ட்’ என்பது தலைக்கவசத்தின் உச்சியில் இருக்கும் உருவம் மட்டுமே. அதை ‘முடிச்சின்னம்’ என்று தனியாகச் சொல்லலாம். மேலே சொன்ன வல்லூறு அதுதான்.

அப்புறம், குடும்பப் பெயரைச் சொன்னால் ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று படச்சட்டத்தில் மாட்டித் தரும் கடைகள் உண்டு. இங்கிலாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் பெயருக்கு உரியது அல்ல, அதைப் பெற்றவருக்கும் அவர் ஆண்வழித் தோன்றல்களுக்கும் உரியது. ஷேக்ஸ்பியர் என்று பெயர் இருப்பதாலேயே அந்த ஈட்டியை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.