அசோசியேஷன்: சங்கமா, பங்காளிக் கூட்டமா?

வானியல் கட்டுரை எதையாவது தமிழில் எழுத உட்கார்ந்தால் எங்காவது ஓரிடத்தில் 'ஸ்டெல்லர் அசோசியேஷன்' வந்து வழிமறிக்கும். ஒன்றாகப் பிறந்து, இப்போது கலைந்து கிடக்கும் விண்மீன் குழுவுக்கு வானியலார் வைத்த பெயர் அது. அகராதியைப் புரட்டினால் சங்கம், கழகம், கூட்டமைப்பு என்று கிடைக்கும். 'விண்மீன் சங்கம்' என்று எழுதிப் பாருங்கள், அதற்குத் தலைவரும் பொருளாளரும் இருப்பார்கள் போலத் தோன்றும். சரி, 'விண்மீன் கூட்டம்' என்று போட்டுவிட்டுப் போகலாம் என்றால், அந்தச் சொல்லை ஒரு சாரார் மேஷம், ரிஷபம் போன்ற உருவங்களுக்கும் இன்னொரு சாரார் ஆண்ட்ரோமெடா போன்ற பேரடைகளுக்கும் (கேலக்ஸி) ஏற்கெனவே எழுதித் தேய்த்துவிட்டார்கள்.

அதனால் முதலில் பக்கத்து வீட்டுச் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். மின்னுவதால் மீன் என்பது வழக்கமான விளக்கம். சங்கப் பாடல்களில் 'விண்' என்ற ஒட்டு இல்லாமல் வெறும் மீன் என்றாலே நட்சத்திரத்தைக் குறிக்கும் இடங்கள் ஏராளம்: கார்த்திகை அறுமீன், சப்தரிஷி எழுமீன், அருந்ததி வடமீன். வானில் கோடு போட்டு நாம் கற்பித்துக்கொள்ளும் உருவம் விண்மீன் குழாம். அது வெறும் தோற்றம், அதில் இருப்பவை ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாதவையாக இருக்கலாம். ஈர்ப்பு விசையால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது கொத்து. ஆங்கிலக் 'கிளஸ்டர்' என்பதும் பழைய காலத்தில் திராட்சைக் கொத்தைத்தான் குறித்தது, ஆக இந்த ஒரு சொல் மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

குழாமுக்கும் கொத்துக்கும் உள்ள வேறுபாட்டை ரிஷபத்தின் முகத்திலேயே பார்க்கலாம். ரோகிணி என்கிற செந்நிற மீனைச் சுற்றி 'வி' வடிவில் சின்னச் சின்ன மீன்கள் தெரியும், அதுதான் ஹயாடிஸ் கொத்து, சுமார் 150 ஒளியாண்டு தொலைவு. நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும் ரோகிணி அந்தக் கொத்தைச் சேர்ந்ததே இல்லை, அது பாதி வழியில், 65 ஒளியாண்டில் இருக்கிறது. குழாத்தில் உண்டு, கொத்தில் இல்லை.

இப்போது அசோசியேஷனுக்கு வருவோம். 1947-இல் ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பார்ட்சூமியன் வானியலுக்குள் கொண்டுவந்த சொல் இது. ஓ, பி என்று வகைப்படுத்தப்படும் சுடுநீல மீன்கள் சில இடங்களில் மிகவும் கலைந்து, ஆனாலும் ஒரே வட்டாரத்தில் கிடப்பதைக் கவனித்தார். ஒன்றையொன்று பிடித்துவைக்கும் அளவுக்கு அங்கே அடர்த்தி இல்லை, பால்வெளியின் இழுப்பே அவற்றைப் பிரித்துப் போட்டுவிடும். அப்படியும் அவை இன்னும் அக்கம்பக்கமாகத் தெரிகின்றன என்றால், பிறந்து அதிக காலம் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? விண்மீன்கள் எல்லாம் என்றோ ஒரு காலத்தில் பிறந்து முடிந்தவை அல்ல, இன்றும் கூட்டம் கூட்டமாகப் பிறந்துகொண்டிருக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த வழியில்தான். எனக்கு இந்த வாதம் மிகவும் பிடிக்கும், கலைந்து கிடப்பதையே வயதுக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார்.

ஆனால் அவர் எடுத்த பெயர்? லத்தீனில் 'சோசியுஸ்' என்றால் தோழன், கூட்டாளி. அசோசியேஷன் என்றால் தோழமையாகச் சேர்வது. இங்கே நடப்பதோ நேர் எதிர். யாரும் சேரவில்லை, ஒன்றாகப் பிறந்தவர்கள் பிரிந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் பிரிகிறார்கள் என்பதில்தான் சொல்லுக்கான துப்பு இருக்கிறது. குளிர்ந்த மூலக்கூறு முகில், அதாவது விண்வெளியில் மிதக்கும் பெரிய வாயு மேகம் ஒன்று தன் எடையாலேயே இடிந்து, துண்டு துண்டாக இறுகி விண்மீன்கள் ஆகின்றன. முகிலில் ஒரு சிறு பங்குதான் விண்மீனாகும், மீதி வாயுவாகவே சுற்றி நிற்கும். எல்லோரையும் கட்டிவைத்திருந்த ஈர்ப்பில் பெரும்பங்கு அந்த வாயுவுடையது. அப்புறம் வீட்டின் பெரியவர்களான ஓ, பி மீன்கள் தங்கள் ஒளியாலும் காற்றாலும் கடைசியில் சூப்பர்நோவா வெடிப்பாலும் அந்த வாயுவை ஊதித் தள்ளிவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்து காலி, பிடித்துவைக்க ஒன்றுமில்லை, ஆளுக்கொரு திசை. பங்காளிகள் என்ற சொல் இதற்கென்றே செய்ததுபோல் இல்லையா?

பிரிவின் வேகம் பெரிதல்ல. நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் விலகினால் 10 லட்சம் ஆண்டில் சுமார் 3.3 ஒளியாண்டு நகர்ந்திருக்கும். நொடிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள், 1 கோடி ஆண்டில் 100 ஒளியாண்டு. கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பரந்த குழு ஒன்றை நாம் வெறும் கண்ணாலேயே பார்க்கிறோம்: விருச்சிகத்தின் தலைப்பக்கம். அனுஷத்தின் மூன்று மீன்களும் அதை அடுத்துச் சிவப்பாக எரியும் கேட்டையும் ஒரே முகிலின் பிள்ளைகள். சூரியனுக்கு மிக அருகில் உள்ள ஓ–பி அசோசியேஷனான ஸ்கார்பியஸ்–சென்டாரஸின் இளைய கிளை இது. மொத்தம் மூன்று பெரிய கிளைகள், 400 ஒளியாண்டு வாக்கில் இருக்கின்றன, மூத்தவற்றுக்கே 2 கோடி வயதுக்குள்தான்.

இந்தக் குடும்பத்தின் வெடிப்புகள் நம்மைச் சுற்றியும் தடம் விட்டிருக்கின்றன. சூரியன் இப்போது சுமார் 1000 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு வெற்றுக் குமிழிக்குள் இருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வின்படி, அது ஊதத் தொடங்கியது சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஊதியவை ஏறக்குறைய 15 சூப்பர்நோவாக்கள். அப்போது சூரியன் வெளியே இருந்தது, சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் வழிப்போக்கனாக உள்ளே வந்தது. குமிழியின் ஓடு வழியில் இருந்த வாயுவையெல்லாம் வாரிக் குவித்ததில், 500 ஒளியாண்டுக்குள் இருக்கும் இளம் விண்மீன் வட்டாரங்கள் அநேகமாக எல்லாமே அந்த ஓட்டின் மேல் ஒட்டியிருக்கின்றன. முந்தைய தலைமுறை வெடித்துத் தள்ளிய இடத்தில் அடுத்த தலைமுறை பிறக்கிறது.

பிரிந்தாலும் எல்லோரும் உடனே தொலைந்துவிடுவதில்லை. நீண்ட காலம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும் குழுக்கள் உண்டு, 'மூவிங் குரூப்' என்பார்கள். எழுமீனில் ஐந்து மீன்கள் அப்படிச் சேர்ந்து நகர்வதை வானியலாளர் ரிச்சர்ட் பிராக்டர் 1869-இலேயே சொல்லிவிட்டார். இரு முனைகளிலும் இருப்பவை மட்டும் அந்நியர்கள். வசிட்டரும் அருந்ததியும் அந்த ஐவர் கூட்டத்துச் சொந்தங்கள்தான், இருவரும் சுமார் 80 ஒளியாண்டில். தம்பதி என்று பெயர் வைத்தோம், கடைசியில் உடன்பிறந்தவர்களாகிவிட்டார்கள். சங்கடம்தான், விடுங்கள். இந்தக் குழுக்களுக்கு 'உடன்செல் மீன்கள்' என்றால் போதும்.

அசோசியேஷனுக்கு என்ன? 'உடன்பிறப்புக் குழு' பொருள் சரி, ஆனால் படித்தவுடன் மேடைப் பேச்சு காதில் கேட்கும். 'பங்காளிக் கூட்டம்' விளக்கிச் சொல்ல அருமை, பாடநூலில் ஏற்றினால் சிரிப்பார்கள். என் ஓட்டு 'ஓரீற்று மீன்குழு'வுக்கு. ஈனுவது ஈற்று, தலையீற்று என்று முதல் ஈற்றைச் சொல்கிறோம், ஒரே பேற்றில் வந்த குட்டிகளை ஓரீற்றுக் குட்டிகள் என்கிறோம். ஈறு, ஈற்றெழுத்து என்று கடைசியைக் குறிக்கும் சொல்லோடு குழம்பும் என்பது நியாயமான ஆட்சேபம்தான், 'ஓர்' முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் பெரிதாக வராது என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்கார்பியஸ்–சென்டாரஸ் போன்றவை ஒரே பிரசவம் அல்ல, அடுத்தடுத்த ஈற்றுகள். அவற்றைச் சேர்த்துக் கால்வழி என்று சொல்லிக்கொள்ளலாம். 2024-இல் வந்த ஓர் ஆய்வு, சூரியனிலிருந்து சுமார் 3300 ஒளியாண்டுக்குள் இருக்கும் 272 இளங்கொத்துகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, அவற்றில் 155 வெறும் மூன்று பிறப்பிடங்களிலிருந்து வந்தவை என்றது. ஆய்வாளர்கள் அந்த மூன்றையும் அசோசியேஷன் என்று சொல்லவில்லை, குடும்பங்கள் என்றே எழுதினார்கள்.