சர்வரின் முகவரி மாறாமல் இருப்பது எப்படி?

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் டேட்டா சென்டர்களில் ரேக் ரேக்காக சர்வர்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும், அது நாளைக்கு மாறவும் கூடாது. வீட்டு வைஃபையில் உங்கள் போனின் முகவரி தினமும் மாறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. டேட்டாபேஸ் சர்வருக்கு மாறினால், அதை நம்பியிருக்கும் ஆப்கள் எல்லாம் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு சர்வரிலும் கையால் எழுதிவைக்கலாம்தான். பத்துப் பெட்டி வரை சரி. அப்புறம் எக்செல் ஷீட் ஒன்று சொல்லும், சர்வர் வேறொன்று சொல்லும்.

இந்த வேலையைத் தானாகச் செய்வது டிஎச்சிபி (DHCP) என்ற நெட்வொர்க் நெறிமுறை. 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதிமுறை ஆவணம்தான் இன்றும் அதன் அடிப்படை. புதிதாக எழும் சர்வருக்குத் தன் முகவரியும் தெரியாது, யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. அதனால் நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி “முகவரி தர யாராவது இருக்கிறீர்களா?” என்று கூப்பிடும். “இதை வைத்துக்கொள்” என்று டிஎச்சிபி சர்வர் சொல்லும். “சரி, அதையே கொடு”, “கொடுத்தாச்சு.” நாலே செய்திகள். கிடைப்பது குத்தகைக்குத்தான், கெடுவில் பாதி கழிந்ததுமே சர்வர் புதுப்பிக்கக் கேட்டுவிடும்.

டிஎச்சிபி என்றாலே முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இன்னாருக்கு இன்ன முகவரி என்று முன்பதிவு செய்துவைக்கலாம். சிக்கலே அந்த ‘இன்னார்’ யாரென்று கண்டுபிடிப்பதில்தான்.

வழக்கமான அடையாளம், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. 48 பிட், ஆறு ஜோடியாக எழுதுவார்கள். முதல் மூன்று ஜோடி பொதுவாகத் தயாரிப்பாளரைக் காட்டும். 52:54:00 என்று தொடங்கினால் அநேகமாக அது கேவிஎம் என்ற லினக்ஸ் வசதியில் ஓடும் மெய்நிகர் இயந்திரம், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி. ஆனால் கார்டு பழுதாகிப் புதிது போட்டால் மேக் மாறிவிடும், முன்பதிவும் செல்லாது.

சில லினக்ஸ் சர்வர்கள் மேக்குக்குப் பதில், இன்ஸ்டால் செய்யும்போது உருவான மெஷின் ஐடியை வைத்து ஓர் அடையாளம் அனுப்பும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 18.04 பதிப்பு வந்த புதிதில் பலரைச் சுற்றவிட்டது இதுதான். ஒரு இயந்திரத்தை அப்படியே குளோன் செய்து ஐந்து எடுப்பார்கள். மேக் ஐந்துக்கும் வேறுவேறு, ஆனால் ஐந்தும் ஒரே ஐபியோடு வந்து நிற்கும். மெஷின் ஐடி கோப்பும் சேர்ந்து நகலாகியிருப்பதால், டிஎச்சிபி சர்வருக்கு ஐந்தும் ஒரே ஆள். குளோன் எடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட வேண்டும்; அடுத்த பூட்டில் புதிய ஐடி உருவாகும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: டிஎச்சிபியின் ஆப்ஷன் 82. சர்வர் கேட்கும்போது, அது எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை, சர்வர்களின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சே சேர்த்து அனுப்பும். திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி, ஆள் மாறினாலும் அறை எண் அதேதான். செத்த சர்வரைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் புதிதைச் செருகினால் பழைய முகவரியே கிடைக்கும். கேபிளிங் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாராவது இரண்டு கேபிளை மாற்றிச் செருகினால் முகவரிகளும் இடம் மாறிவிடும்.

மெய்நிகர் இயந்திரங்களுக்கு இந்த போர்ட், கேபிள் கணக்கெல்லாம் தேவையே இல்லை. அவற்றின் மேக்கை நாமே தீர்மானிக்கலாம் என்பதால், உருவாக்கும் ஸ்கிரிப்டே மேக்கையும் முன்பதிவையும் சேர்த்து எழுதிவிட்டு, அதன் பிறகு இயந்திரத்தைக் கிளப்பினால் போதும்.