தேரியில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஏன் பிடித்துக்கொள்கிறது?

சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரியில் ஏறும்போது, அதுவரை நன்றாக இழுத்துக்கொண்டிருந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பின்சக்கரம் இறுகிச் சட்டென்று நின்றுவிட்டால், கூட இருப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் 'ஆயில் பத்தவில்லை' என்பதுதான். அடுத்த முறை பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் ஆயிலைக் கூட்டி ஊற்றுவார்கள். எஞ்சின் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். சக்தியைக் கூட்டுவதற்காக மாற்றி அமைத்த எஞ்சின்களைப் பொறுத்தவரை, ஆயிலைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே டூ ஸ்ட்ரோக் பிஸ்டனுக்குச் சூடு ஆற நேரமே கிடையாது. 1985 முதல் 1996 வரை நம் ஊரில் விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் அலுமினியக் கலவை, அது ஓடும் 'போர்', அதாவது சிலிண்டரின் உட்சுவர், வார்ப்பிரும்பு. வெப்பம் 100 டிகிரி கூடினால் அலுமினியம் இந்த அளவில் சுமார் 0.1 மில்லிமீட்டர் விரியும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான். இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. இதைக் கணக்கில் வைத்துத்தான் பிஸ்டனின் தலைப்பக்கத்தைச் சற்றுச் சிறுத்துச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு தொழிற்சாலையில் போட்ட அளவு வெப்பத்துக்கானது. அதைத் தாண்டிச் சுட்டால் பிஸ்டன் போருக்குள் இறுகிவிடும்; எஞ்சின் பிடித்துக்கொள்வது என்பது இதுதான்.

அந்த வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பதில் பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வரும் பெட்ரோல், ஆவியாகும்போது பிஸ்டனின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உபரி குறையக் குறையப் பிஸ்டன் சுடுகிறது. இப்படிக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராமல் கலவை மெலிந்த நிலையில் வண்டி முன்னைவிட விறுவிறுப்பாகப் போவதுபோலத் தோன்றும். ஓட்டுபவர் மகிழ்ந்து இன்னும் திருகுவார். ஆபத்து இங்கேதான்.

மாற்றி அமைப்பவர்கள் முதலில் கைவைப்பது சைலன்சரில். வயிறு பருத்து வால் சிறுத்த அந்தக் குழாய் வெறும் சத்தத்துக்கானது அன்று. புகையோடு கிளம்பும் அழுத்த அலை, குழாயின் குறுகும் பகுதியில் மோதி, கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் திரும்பி வருவதுபோல எஞ்சினை நோக்கித் திரும்பும். எரியாமல் வெளியேறப் பார்த்த புதுக்கலவையை அது மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். இதை ஆராய்ந்து வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டத்தையும் வென்றார்.

அத்தகைய குழாயை மாட்டிவிட்டுப் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான பழைய மெயின் ஜெட்டையே வைத்திருந்தால், குழாய் நன்றாக வேலை செய்யும் வேகத்தில் காற்று கூடுதலாக வரும்; பெட்ரோல் அதற்கு ஈடு கொடுக்காது. சிலிண்டரில் புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலமாக அராவுவதற்கும் எல்லை உண்டு. போரின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கத் தொடங்கி, விரைவில் உடையும்.

இப்போது ஆயிலுக்கு வருவோம். லிட்டருக்கு 25 மில்லி கலந்ததை 50 மில்லி ஆக்கினால், அதே ஜெட் துளை வழியாக வரும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. திரவம் கெட்டியாவதால் வரத்தும் சற்றுக் குறைகிறது. பிஸ்டனைக் காப்பாற்ற ஊற்றிய ஆயிலே கலவையை மெலிய வைக்கிறது. ஆயிலைக் கூட்டினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும்.

நம் நிலமும் இதில் விளையாடுகிறது. மாஞ்சோலை உயரத்தில், அதாவது சுமார் 1,000 மீட்டரில், காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மேலே கச்சிதமாக ஓடும்படி ஜெட் வைத்த வண்டி, மணிமுத்தாறுக்கு இறங்கியதும் காற்று மிகுந்து சுடும். இறங்கும் வழியில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தால், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் எஞ்சினுக்கு ஆயிலும் ஏறக்குறைய நின்றுவிடும். 'ஆயில் பத்தவில்லை' என்பது உண்மையாகும் இடம் இதுதான். அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து மூட வேண்டும். பருவத்துக்கும் இதே கணக்குதான். சித்திரை மதியம் 40 டிகிரியில் சரிசெய்த கலவை, மார்கழி விடியலில் 22 டிகிரிக் காற்றில் ஆறு சதவீதம் மெலிந்துவிடும். 2023இல் விற்பனைக்கு வந்த, 20 சதவீதம் எத்தனால் சேர்ந்த பெட்ரோலும் அப்படியே. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த ஜெட் அதற்குச் சிறிது.

தேரியில் இவை எல்லாம் ஒன்றுசேர்கின்றன. மணலில் சக்கரம் புதைவதால் எஞ்சின் முழுச்சுமையில் உழைக்கிறது. வேகமோ குறைவு, ஆகவே சிலிண்டரின் மடிப்புகளில் காற்று படுவதில்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கிழக்கே கடலை நோக்கி ஓட்டினால், காற்று வண்டியோடு சேர்ந்தே போகிறது. அதே காற்று குவார்ட்ஸ் துகளையும் கிளப்பிவிடுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் தூசி முதலில் போவது கிராங்க் பெட்டிக்குத்தான். பேரிங்கைத் தின்றுவிட்டே அது ரிங்குக்கு வருகிறது. ஆயிலில் ஊறிய நுரை ஃபில்டர், அது உட்காரும் விளிம்பில் ஒரு பூச்சுக் கிரீஸ்: தேரிக்கு இதற்குக் குறைந்து எதுவும் போதாது.

கழற்றிய பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பளபளவென்று செங்குத்தாகக் கீறி, அலுமினியம் இழுபட்டு ரிங்கின்மேல் பூசியிருந்தால், கலவை மெலிந்து சுட்டிருக்கிறது. உள்ளிழுக்கும் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால் தூசி. நான்கு மூலைகளில் சமமாகக் கீறியிருந்தால், சூடேறுவதற்கு முன்பே முறுக்கியிருக்கிறார்கள். பிஸ்டன் விரிந்துவிட்டது, போர் இன்னும் விரியவில்லை.

ஜெட் சரியாக இருந்தும் எக்ஸாஸ்ட் பக்கம் கீறியிருந்தால் கிராங்கின் இரு முனைகளிலும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைப் பாருங்கள். காந்தச் சக்கரத்துப் பக்கத்துச் சீல் காய்ந்துபோனால் அந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழையும்; ஆக்சிலேட்டரை மூடியும் எஞ்சின் அடங்காமல் இரைவது இதன் அறிகுறி. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை கக்கும். கண்டுபிடிப்பது எளிது. கார்புரேட்டரைக் கழற்றி அந்த வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பரால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 5, 6 பவுண்டு அழுத்தம் மட்டும் ஏற்றி, சில நிமிடம் அழுத்தமானியின் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடலாம். சிலிண்டரைக் கடைந்து (ரீபோர்) புதுப் பிஸ்டன் போட்ட பிறகு, முதல் உதைக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.