அப்டேட் முடிந்த காலையில் போன் கேட்கும் நம்பர்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி நேராக பஸ் ஏறி வந்திருந்தார். "தம்பி, ராத்திரி என்னமோ அப்டேட் ஆச்சு. அன்னைக்கிலிருந்து கைரேகையை எடுக்க மாட்டேங்குது" என்றார். மகள் குவைத்தில் வீட்டு வேலை. லீவில் வந்தபோது அந்த போனை வாங்கிக் கொடுத்து, எல்லாம் போட்டுத் தந்துவிட்டுப் போனவர். மூன்று நாளாக மகளின் வாட்ஸ்அப் அழைப்பு ஒன்றுகூட வரவில்லை.

போனில் பழுது எதுவும் இல்லை. அப்டேட் முடிந்தால் போன் அணைந்து திரும்ப எழும்பும். அப்படி எழும்பியதும் முதல் தடவை பின் நம்பரையோ பேட்டர்னையோதான் கேட்கும். விரலும் முகமும் அதற்குச் செல்லாது. ஐபோனும் அப்படித்தான். உள்ளே இருக்கும் படம், மெசேஜ், பெயர்ப் பட்டியல் எல்லாம் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்க உங்கள் பின் நம்பர் வேண்டும். அதுவரை சாதாரண அழைப்பு வரும், ஆனால் பெயர் இல்லாமல் வெறும் நம்பராக வரும். வாட்ஸ்அப் ஒலிக்கவே ஒலிக்காது.

பின் நம்பரை என்னால் எடுத்துத் தர முடியாது. "எடுத்துத் தருகிறேன்" என்பவர் பெரும்பாலும் போனை முழுதாக அழிக்கப் போகிறார் என்று அர்த்தம். கூகுளில் சேமிக்காத படங்கள் அதோடு போய்விடும். அழித்த பிறகும் முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருடனுக்குப் போன் உதவக் கூடாது என்று 2015இல் ஆண்ட்ராய்டு 5.1உடன் வந்த பாதுகாப்பு அது. அந்தக் கணக்கை உருவாக்கித் தந்தது யாரோ ஒரு கடைக்காரர், பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியாது என்றால், சொந்தக்காரரே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

நல்ல வேளை, அக்காவிடம் ஒரு பழைய கொப்பியில் மகளின் நம்பர் இருந்தது. என் போனிலிருந்து அவருக்கு அழைப்பு எடுத்தோம். மகள் நாலு இலக்கம் சொன்னார். திறந்ததும் மூன்று நாள் வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். அந்தக் கொப்பியிலேயே பின் நம்பரையும், கூகுள் கணக்கையும், அதன் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

மற்ற மாற்றங்கள் இவ்வளவு கவலைக்குரியவை அல்ல. ஓரிரு நாள் போன் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். எல்லாச் செயலிகளையும் புது அமைப்புக்கு ஏற்றபடி போன் உள்ளுக்குள் தயார் செய்கிறது. அதைப் பார்த்துப் பயந்து பேட்டரி மாற்ற வருகிறவர்களை மூன்று நாள் பொறுக்கச் சொல்லி அனுப்புகிறேன். ஆண்ட்ராய்டு 12க்கு மாறியவர்கள் மேல் மூலையில் பச்சைப் புள்ளியைப் பார்த்து, யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று வருவார்கள். கேமராவோ மைக்கோ ஓடும்போது போனே காட்டும் அடையாளம் அது. நீங்கள் ஒன்றையும் பயன்படுத்தாதபோது அது எரிந்தால் மட்டும் எந்தச் செயலி என்று பாருங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் "அப்டேட் செய்யுங்கள்" லிங்க்கைத் தொடவே வேண்டாம். போனின் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் இருக்கும்.

இடையிடையே போன் பின் நம்பர் கேட்கும்போது பேரப்பிள்ளையிடம் நீட்டாமல் நீங்களே அடியுங்கள், அப்போதுதான் நம்பர் மறக்காது. மறந்துவிட்டது, ஆனால் விரலால் இன்னும் திறக்கிறது என்றால், அந்த போனை அணைக்காதீர்கள், அப்டேட்டும் போடாதீர்கள். சார்ஜ் இறங்கவும் விடாதீர்கள். கரண்ட் போகும் ஊர் நம்முடையது. திறந்திருக்கும்போதே படங்களை மெமரி கார்டுக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றி, வாட்ஸ்அப்பை பேக்கப் எடுத்துவிடுங்கள். அன்றைக்கே செய்யுங்கள்.