பழைய போனில் கேபிள் செருகி ஃபர்ம்வேர் ஏற்றும் முன்

மதுரையில் ஏதாவது ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போய் "செட் ரொம்ப ஹேங் ஆகுதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே "சாஃப்ட்வேர் போடணும்" என்று பதில் வரும். நானும் அதே தொழில்தான் செய்கிறேன். அந்தப் பதிலைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

அந்த வேலை என்பது, போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைக் கேபிள் வழியாக மறுபடி எழுதுவது. 'ஃபிளாஷ் அடிப்பது' என்பார்கள். இப்போது அதை வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். காலேஜ் படிக்கும் பையன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் அப்பாவின் பழைய போனை லேப்டாப்பில் செருகுகிறான். நடுராத்திரியில் போன் லோகோவிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் அப்பாவும் மகனும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வீட்டில் செய்யவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த போனுக்குத் தேவை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கையை வைக்க வேண்டும்.

போனின் மெமரி உள்ளுக்குள் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். போனை எழுப்பும் பூட்லோடர் ஒரு பகுதி, டவரோடு பேசும் மோடம் ஒரு பகுதி, ஆண்ட்ராய்டு ஒரு பகுதி, நம் படங்களும் மெசேஜ்களும் இருப்பது இன்னொரு பகுதி. வைஃபை வழியாக வரும் அப்டேட், பெரும்பாலும் மாறிய துண்டுகளை மட்டும் போனுக்குள் இறக்கி, அங்கேயே வைத்துச் சேர்க்கும். அதற்கு போனில் காலி இடம் வேண்டும். 8 ஜிபி, 16 ஜிபி போன்களில் வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்கள் போக இடம் எங்கே மிஞ்சுகிறது? கேபிள் வழியில் முழு ஃபைலும் கம்ப்யூட்டரில் இருக்கும். அங்கிருந்து நேராக அந்தந்தப் பகுதியின் மேல் எழுதிவிடும். போன் ஆன் ஆகாமல் கிடந்தாலும் எழுதும். தப்பான ஃபைலைக் கொடுத்தாலும், சில போன்களில், ஒரு கேள்வி கேட்காமல் எழுதிவிடும்.

எப்போது இது உண்மையாகவே உதவும்? அப்டேட் பாதியில் நின்று லோகோவிலேயே சுற்றும் போனுக்கு உதவும். கம்பெனி புதிய பதிப்பு கொடுத்திருந்தும் இடமில்லாமல் இறங்க மறுக்கும் போனுக்கு உதவும். என்ன ஆப் திறந்தாலும் மூடிக்கொள்கிறது, ரீசெட் போட்டும் அப்படியே இருக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். வெறுமனே மெதுவாக இருக்கிறது, சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்பதற்காக ஃபிளாஷ் அடித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்த போன்களில் பெரும்பாலும் பேட்டரி கிழடாகியிருக்கும், அல்லது மெமரி நிறைந்திருக்கும். கம்பெனி ஆண்ட்ராய்டு 4.4-லேயே நிறுத்திவிட்ட போனுக்கு எந்தக் கேபிளும் 5-ஐக் கொண்டுவந்து தராது. 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே வாட்ஸ்அப் ஆதரவு இல்லை. "வாட்ஸ்அப் மட்டும் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் வேறு போன் பார்க்கச் சொல்லி அனுப்புவதுதான் நியாயம். அதற்கும் காசு வாங்கிக்கொண்டு 'சாஃப்ட்வேர்' போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வகை போன் உண்டு. மெமரி சிப்பே தேய்ந்துபோனது. திரையில் எம்எம்சி ரீட் ஃபெயில் என்று காட்டும், அல்லது எத்தனை முறை ஏற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இது ஹார்டுவேர் கோளாறு. திரும்பத் திரும்ப எழுதினால் மிச்சமிருக்கும் உயிரும் போகும்.

இனி, நான் அதிகம் சங்கடப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி விற்கும் ஒருவர், அக்கா மகன் ஃபிளாஷ் அடித்துக் கொடுத்த போனோடு வந்தார். போன் நன்றாகத்தான் ஓடியது. உள்ளே ஒன்றுமில்லை. பூ போடும் விவசாயிகளின் நம்பர்கள் எல்லாம் கூகுள் கணக்கில் இல்லாமல் போன் மெமரியில் சேமித்திருந்தவை. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வாட்ஸ்அப் வாய்ஸில் வைத்திருந்தார். "நம்பர் மட்டுமாச்சும் எடுத்துக் குடுங்க தம்பி, அவிய்ங்க ஊரு தெரியும், போன் நம்பரு எவனுக்குத் தெரியும்?" என்றார்.

எடுக்க முடியவில்லை. ஏன் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய நோக்கியா, தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் அழித்த படங்களை ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ஓரளவு மீட்க முடிந்தது. ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு வெளிவந்த போன்களில் பெரும்பாலானவை நம் தகவலைப் பூட்டியே சேமிக்கின்றன. முழுமையாக ரீசெட் ஆகும்போது அந்தப் பூட்டின் சாவி அழிந்துவிடும். பீரோ அங்கேயே நிற்கும், திறக்க உலகத்தில் சாவி இருக்காது. சிப்பைக் கழற்றிப் படித்தாலும் வெறும் குப்பை எழுத்துதான் வரும். "டேட்டா ரெக்கவரி 100% கேரண்டி" என்று போர்டு வைத்திருப்பவரிடம், ரீசெட் ஆன பிறகு எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே போன் ஆன் ஆகிற நிலையில் இருந்தால் முதல் வேலை காபி எடுப்பது. படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளுங்கள். காண்டாக்ட்ஸை விசிஎஃப் ஃபைலாக ஏற்றுமதி செய்து வேறு இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள், ஏறி முடிந்த நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றி வையுங்கள்.

கூடவே இன்னொன்று: போனில் எந்த ஜிமெயில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று உறுதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இப்படிக் கேபிள் வழியாகத் துடைத்தால், போன் மறுபடி எழும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அந்தக் கணக்கைப் பேரன் எப்போதோ ஏதோ ஒரு பெயரில் தொடங்கியிருப்பான், தாத்தாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பில் இல்லாமல் வரும் அப்படிப்பட்ட போன்களை நாங்கள் திறந்து கொடுப்பதில்லை. திருட்டு போனும் இதே கதையோடுதான் வரும்.

அடுத்தது ஃபைல். போனின் பெயரை வைத்துத் தேடக் கூடாது. ஒரே பெயரில் விற்ற போனில் உள்ளே மாடல் எண் வேறு வேறாக இருக்கும். போனின் மூளையான சிப்செட்டே மாறியிருப்பதும் உண்டு. பின்மூடியில் உள்ள ஸ்டிக்கரையும் நம்பிவிடாதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போனில் மூடி ஒன்று, போர்டு ஒன்று என்று சகஜமாக இருக்கிறது. செட்டிங்ஸில் பாருங்கள், சாம்சங் என்றால் டவுன்லோட் மோடில், அதாவது ஃபைல் ஏற்றுவதற்கான திரையில், காட்டும் பெயரையும் ஒத்துப் பாருங்கள்.

சாம்சங் ஃபர்ம்வேர் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைக் கவனியுங்கள். பூட்லோடர் எந்தப் படிநிலையில் இருக்கிறது என்பதை அது காட்டும். போனில் 6 இருக்கும்போது 5 உள்ள ஃபைலைப் போட்டால் ஏற்காது. 6-லிருந்து 7-க்குப் போனால் திரும்ப முடியாது. "பழைய வெர்ஷன்ல நல்லா ஓடுச்சு, அதையே போடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஷாவ்மியிலும் 2018-லிருந்து இப்படிப் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு பல மாடல்களில் வந்தது. அதை மீறி ஏற்றினால் போன் கருப்பாகவே கிடக்கும்.

கம்பெனியே கொடுக்கும் டூல் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், ஐபோனுக்கு ஐடியூன்ஸ் அல்லது மேக்கில் ஃபைண்டர். இவை போனைப் பார்த்து ஃபைலைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். ஐபோனில் 'அப்டேட்' தகவலை வைத்துக்கொண்டு ஏற்ற முயலும், 'ரீஸ்டோர்' துடைத்துவிட்டுத்தான் ஏற்றும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பட்டன்கள், படித்துவிட்டு அழுத்துங்கள்.

கேபிளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கும் கேபிள்களில் சிலவற்றுக்குள் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போகும் மற்ற இரண்டு கம்பி இருக்காது. சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அதைவிட மோசம், தகவல் கம்பி இருந்தும் பின் லூஸாக ஆடும் கேபிள். ஃபைல் பாதி போனபின் கண் சிமிட்டும் நேரம் விட்டுச் சேர்ந்தாலே போதும். சோதிப்பது எளிது: பெரிய வீடியோ ஒன்றைப் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காபி பண்ணுங்கள், காபி ஓடும்போது இரு முனைகளையும் லேசாக ஆட்டுங்கள். நின்றால் கேபிளை மாற்றுங்கள். புதிய கேபிளிலும் நின்றால் கோளாறு போனின் சார்ஜிங் போர்டில் இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள், ஹப் வேண்டாம். லேப்டாப் இருந்தால் அதுவே மேல், கரண்ட் போனாலும் ஓடும். உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். பேட்டரி உப்பியிருந்தால் ஃபர்ம்வேர் பேச்சே இல்லை, பேட்டரியை மாற்றுங்கள்.

இனி ஃபிளாஷ் டூலில் டிக் பண்ணும் பெட்டிகள். என்னிடம் வருகிற போன்களில் பலதும் கெட்டது இங்கேதான்.

சாம்சங்குக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஓடின் என்ற ஃபிளாஷ் டூலை, அந்தக் கம்பெனி தன் உள்வேலைக்கு வைத்திருந்தது. பொதுமக்களுக்கென்று வெளியிட்டதில்லை. எனவே 'அதிகாரபூர்வ ஓடின் தளம்' என்று எழுதியிருப்பதை நம்பி ஆன்டிவைரஸை அணைக்காதீர்கள். ஃபைல் தொகுப்பில் சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என்று இரண்டு இருக்கும். சிஎஸ்சி போட்டால் போன் துடைக்கப்படும். ஹோம் சிஎஸ்சி தகவலை விட்டுவைக்கும். பூ வியாபாரியின் போனில் நடந்தது இந்த ஒரு ஃபைல் மாறியதுதான். ரீபார்ட்டிஷன் என்ற பெட்டியை ஒருபோதும் தொடாதீர்கள்.

ஷாவ்மியின் மி ஃபிளாஷ் டூலில் கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். சீனாவில் விற்ற போனுக்கு வேறு நாட்டு ரோம் (ஃபர்ம்வேர்) ஏற்றி, இந்தத் தேர்வை மாற்றாமல் விட்டால், பூட்லோடர் பூட்டிக்கொண்டு 'இந்தப் பதிப்பை இந்த போனில் நிறுவ முடியாது' என்று நின்றுவிடும். பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ மலிவாகக் கிடைத்த போன் என்றால் முதலில் இதை யோசியுங்கள்.

மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல். அதில் 'டவுன்லோட் ஒன்லி' தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ஃபார்மட் ஆல்' என்பது பெயருக்கேற்றபடி எல்லாவற்றையும் துடைக்கும். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, டவர், வைஃபை அளவீடுகள் எல்லாம் இருக்கும் என்விரேம் பகுதியும் அதோடு போகும். பிறகு போன் அழகாக எழும், சிம் போட்டால் டவர் வராது. *#06# அடித்தால் எண் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் யாராவது வந்து, "ஏதோ ஒரு ஐஎம்இஐய எழுதி விட்டாப் போச்சு" என்பார்கள். வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42-ஆம் பிரிவில், தொலைத்தொடர்பு அடையாள எண்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. அந்த 'ஏதோ ஒரு' எண் யாருடைய போனுடையது, அந்த போன் எந்த வழக்கில் தேடப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். போன் வாங்கிய பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும் முன்பே கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் நிலை தெரியும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம்.

கம்பெனி தராமல் வெளியார் செய்யும் ஆண்ட்ராய்டுப் பதிப்பான கஸ்டம் ரோம் பற்றியும் கேட்கிறார்கள். விளையாட்டுக்கு வைத்திருக்கும் இரண்டாவது போனில் போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். பணம் அனுப்பும் போனில் வேண்டாம். அதைப் போடப் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும், அப்படித் திறந்த போனில் பல வங்கி ஆப்கள் வேலை செய்ய மறுக்கும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஒருமுறை உடைந்தால் பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றினாலும் அது சரியாகாது.

எல்லாம் சரியாக ஏறி முடிந்தபின் முதல் முறை போன் எழும்ப பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். லோகோ வந்து வந்து நிற்கும். இந்த இடத்தில் பொறுமையிழந்து பேட்டரியைப் பிடுங்கி, நல்ல போனைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்த பிறகு *#06# அடித்துப் பாருங்கள், இரண்டு சிம்மிலும் ஒரு கால் பேசிப் பாருங்கள், கேமராவைத் திறந்து பாருங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் உடனே பதற வேண்டாம். ஃபர்ம்வேர் அப்டேட்டில் சிக்கல் என்று திரையில் எழுத்து தெரிந்தால் போன் சாகவில்லை, சரியான ஃபைலை நல்ல கேபிளில் மறுபடி ஏற்றலாம். திரை முழுக்கக் கருப்பு, கம்ப்யூட்டரில் செருகினால் குவால்காம் 9008 என்றோ பிரீலோடர் என்றோ வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் கடைக்காரனின் வேலையைக் கூட்டும், உங்கள் செலவையும் கூட்டும். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடும் ஏனி டெஸ்க் ஆப்பில் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டால் ஆன்லைனிலேயே சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டரில்தான் உங்கள் நெட் பேங்கிங்கும் இருக்கிறது.

கடைக்குக் கொண்டுவரும்போது போனை மட்டும் நீட்டி "தானா ஆஃப் ஆயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். போன் எழுந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும். எந்த ஃபைல், எந்த டூல், எந்தப் பெட்டியில் டிக், எந்த இடத்தில் நின்றது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஃபைல் பெயர் நினைவில்லை என்றால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். அந்தக் கேபிளையும்.