முழு இடைநீக்கம் செய்யப்பட்ட சைக்கிள்

"முன் முட்கரண்டி இடைநீக்கம், 120 மி.மீ. பயணம், கதவடைப்பு வசதியுடன்."

மலைச் சைக்கிள் ஒன்றின் தமிழ் விவரக்குறிப்பில் இருந்த வரி இது. விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கடைப் பக்கத்தைத் திறந்தாலும் இதன் உடன்பிறப்புகள் வரிசையாக நிற்கின்றன. மேசையில் கிடந்த முட்கரண்டியை யாரோ வேலையிலிருந்து இடைநீக்கம் செய்ய, அது கோபித்துக்கொண்டு 120 மில்லிமீட்டர் பயணம் போய், ஆலையைக் கதவடைப்புச் செய்துவிட்டது என்று கதை கட்டலாம். பணம் கொடுத்துச் சைக்கிள் வாங்க வந்தவருக்கு அந்த வரியால் வேறு பயன் இல்லை. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஏற்பாடு உள்ள விலையுயர்ந்த சைக்கிளை "முழு இடைநீக்கம்" என்கிறார்கள். நிரந்தரப் பணிநீக்கம் செய்யப்பட்ட சைக்கிளுக்கு என்ன விலையோ!

அதிர்வு தாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்று பெயர். அந்தச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் "கீழே" என்ற முன்னொட்டும் "தொங்கவிடு" என்ற வினையும் சேர்ந்தது அது. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில், ஆள் உட்காரும் பெட்டியைத் தடித்த தோல் வார்களில் உண்மையிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். சக்கரம் குழியில் விழுந்தால் பெட்டி ஆடும். உள்ளே இருப்பவரின் முதுகு தப்பும். 1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர், வண்டிப் பெட்டிக்கு அடியில் நீள்வட்ட வடிவ எஃகு வில்களைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெட்டி வில்லின் மேல் உட்கார்ந்துவிட்டது, தொங்குவது நின்றது. பெயர் மட்டும் பழைய வாரிலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கும் இடத்தில் தமிழில் பல சொற்கள் ஏற்கெனவே உண்டு. பாலம் என்றால் தொங்குபாலம். வேதியியல் பாடத்தில், நீரில் கரையாமல் மிதக்கும் துகள் கலவைக்குத் தொங்கல் என்று பெயர். அலுவலகத்தில் விசாரணை முடியும்வரை ஒருவரை ஒதுக்கிவைத்தால் இடைநீக்கம். இந்த மூன்றில் செய்தித்தாளில் அதிகம் அடிபடுவது மூன்றாவது. ஆகவே மொழிபெயர்ப்பு இயந்திரம் அதை எடுத்துச் சைக்கிளின் தலையில் கட்டிவிடுகிறது. இயந்திரத்தை நான் திட்டப் போவதில்லை. அது எடுத்துக் கொடுத்ததைப் படித்துப் பார்க்காமல் வெளியிட்ட மனிதர் ஒருவர் சம்பளம் வாங்குகிறாரே, அவரோடுதான் எனக்கு வழக்கு.

இருந்தாலும் இடைநீக்கம் எளிய எதிரி. ஒருமுறை சிரித்தால் விழுந்துவிடும். எளிதில் விழாதது "தொங்கல் அமைப்பு". இதை ஆதரிப்பவர்கள் படித்தவர்கள். கலைச்சொல் ஆக்குவதில் அக்கறை உள்ளவர்கள். வேர்ப்பொருள் தொங்குதல், ஆகவே தமிழிலும் தொங்கல் என்பதுதான் நேர்மை என்கிறார்கள். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய வேர் அது? தோல் வாரில் பெட்டியைத் தொங்கவிட்டது ஐரோப்பியர்களின் வண்டி. அந்த வரலாற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்? தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் வேர்ப்பொருள் சுண்டெலி. அதற்காக "ஓட்டத்துக்குப் பிறகு என் தொடைச் சுண்டெலி பிடித்துக்கொண்டது" என்று எழுதுகிறோமா? தசை என்ற சொல் நம்மிடம் இருந்தது, வைத்துக்கொண்டோம்.

இன்னொரு தொல்லை, தொங்கல் என்ற சொல் காலியாக இல்லை. பழைய அகராதிகளில் அதற்கு மாலை, அணி என்றெல்லாம் பொருள். தொங்கட்டான் காதில் ஆடுகிறது. பேச்சிலோ, முடியாமல் கிடக்கும் காரியத்தைத் தொங்கலில் விட்டதாகச் சொல்கிறோம். வண்டி விஷயத்தில் இன்னும் மோசம்: "பின்பக்கம் ஏதோ தொங்குகிறது" என்று வழியில் ஒருவர் குரல் கொடுத்தால் உடனே பிரேக் பிடித்து இறங்கிப் பார்ப்போம். கழன்றதுதான் தொங்கும். கடைக்காரர் "இந்தச் சைக்கிளில் முன்னால் தொங்கல் இருக்கிறது, அதனால் விலை கொஞ்சம் கூடுதல்" என்றால் எந்தத் தமிழர் பணத்தை எடுப்பார்?

எல்லாவற்றுக்கும் மேலாக, சைக்கிளில் எதுவும் தொங்கவில்லை. ஓட்டுபவரின் எடை மேலிருந்து அழுத்துகிறது. தரை கீழிருந்து இடிக்கிறது. நடுவில் ஒன்று அமுங்கி மீள்கிறது. தொங்குவது இழுவிசையின் வேலை, இது அமுக்கவிசையின் வேலை. சொல் நேர் எதிர்த்திசையைக் காட்டினால் அதைக் கலைச்சொல் என்று எப்படி ஏற்பது? "தாங்கமைப்பு" என்று ஒரு மாற்றும் புழங்குகிறது. அது தவறில்லை, ஆனால் எதையும் சொல்வதில்லை. நாற்காலிக் காலும்தான் தாங்குகிறது.

இதற்கு நான் பயன்படுத்தும் சொல் வில்லமைப்பு. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. வில்வண்டியில் பாட்டன்மார் ஏறிப் போன ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். கட்டை வண்டியில் வண்டிக் கட்டில் நேராக அச்சின் மேல் உட்காரும். சக்கரம் ஏறிய கல் ஒவ்வொன்றும் இடுப்பெலும்பில் தெரியும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கட்டிலுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்த வில் இருக்கும். அடியில் நீளம் வேறு, மேலே நீளம் வேறு எனப் படிப்படியாகக் குறையும் பட்டைகள். நடுவில் ஒரு பிடி போட்டு இறுக்கியிருப்பார்கள். பாரம் ஏறினால் வளைவு நிமிரும், குழி தாண்டினால் மறுபடி வளையும். அந்த வண்டிக்கு மக்கள் தொங்கல் வண்டி என்று பெயர் வைக்கவில்லை. எது வேலை செய்கிறது என்று பார்த்து வில்வண்டி என்றார்கள். மலையாளத்திலும் அதே சொல்தான்: 1893இல் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் அய்யன்காளி துணிந்து ஓட்டிச் சென்றது வில்லுவண்டிதான். வசதியும் மதிப்பும் உள்ளவர்கள் ஏறும் வண்டி அது என்பதால்தான் அந்தச் செயலுக்கு அவ்வளவு கனம்.

"வில் என்றால் அம்பு விடுவது அல்லவா, மலைச் சைக்கிளில் இருப்பது அழுத்தப்பட்ட காற்று ஆயிற்றே" என்று ஒருவர் என்னிடம் மறுத்தார். அவர் பள்ளியில் சுருள்வில் தராசு பிடித்தவர்தான். சுருளுக்கு வில் என்ற பெயர் ஒட்டும்போது காற்றுக்கு ஏன் ஒட்டாது? வளைந்தோ சுருங்கியோ, விசை நீங்கியதும் பழைய நிலைக்கு மீள்வது எதுவும் வில்தான். எஃகுச் சுருள் இருந்தால் சுருள்வில், அடைத்த காற்று இருந்தால் காற்றுவில். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஆங்கிலத்தில் ஃபோர்க் எனப்படும் உறுப்பைக் கவை என்கிறேன். 1990களின் தொடக்கத்தில் மானிட்டூ நிறுவனத்தின் கவைகளுக்குள் ரப்பர் போன்ற மீள்பொருள் துண்டுகள் இருந்தன. அவையும் இந்தப் பெயருக்குள் அடங்கும். டயர்கூட அடங்கும். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ரீபேக் என்ற மண்பாதையில் பழைய கனத்த சைக்கிள்களைச் சரிவில் விட்டுப் பந்தயம் வைத்தவர்களிடம் இருந்த வில் பருத்த டயர் ஒன்றுதான். 1989இல் பால் டர்னர் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கவை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான் அமுங்கும். 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் என்ற அமெரிக்க வீரர் அந்தக் கவையோடு சரிவோட்டத்தில் வென்ற பிறகு, வில் வைத்த சைக்கிளைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைந்தார்கள். இன்று சரிவோட்டச் சைக்கிள்களில் 200 மில்லிமீட்டர் அமுங்கும் கவைகள் வழக்கம்.

கவை என்று ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. சிறுவர்கள் கல் எறியும் கவட்டைக்கும் அதே குடும்பம். முன்சக்கரத்தின் இருபுறமும் இறங்கும் இரட்டைக் கால் உறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? முட்கரண்டி என்பது கவைக்கு உதவாத மொழிபெயர்ப்பு.

"அதிர்ச்சி உறிஞ்சி" பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது இது. அதிர்ச்சி என்றால் மரணச் செய்தி கேட்டால் வருவது, அல்லது மின்கம்பியைத் தொட்டால் வருவது. சக்கரத்துக்கு வருவது அதிர்வு. உறிஞ்சி என்றதும் இளநீர்க் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. பிழை அதோடு நின்றாலும் பரவாயில்லை. இந்தச் சொல் இரண்டு உறுப்புகளை ஒன்றாகக் குழப்புகிறது. பெரும்பாலான காற்றுக் கவைகளில் ஒரு காலுக்குள் வில் இருக்கிறது, மறு காலுக்குள் எண்ணெய் இருக்கிறது. வில் இடியை வாங்கிச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுப்பதைத் தடுக்க ஆளில்லையென்றால், ஒரு கல்லில் ஏறி இறங்கிய சக்கரம் அடுத்த கல் வரும்வரை துள்ளிக்கொண்டே இருக்கும். மறு காலில் உள்ள எண்ணெய், சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகும்போது அந்தத் துள்ளலை வெப்பமாக்கித் தணிக்கிறது. அது தணிப்பான். இயற்பியல் பாடநூலில் தடையுறு அலைவு என்று படித்தோமே, அதன் நடைமுறை வடிவம் இதுதான். வில்லும் தணிப்பானும் சேர்ந்ததே வில்லமைப்பு. இரண்டுக்கும் தனிப் பெயர் இருந்தால்தான் கவையின் எந்தத் திருகு எதற்கு என்று ஓட்டுபவருக்குப் புரியும்.

புரியாததால் வரும் கேட்டுக்கு "தொய்வு" நல்ல எடுத்துக்காட்டு. "25 சதவீதத் தொய்வு இருக்க வேண்டும்" என்று பல குறிப்புகள் சொல்கின்றன. வியாபாரத்தில் தொய்வு, ஆட்டத்தில் தொய்வு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது பழுது என்றே படும். தொய்வு ஆகாது என்று காற்றை இறுக அடித்துவிட்டு, உள்ளங்கை மரத்துப்போகிறது என்று புலம்பும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது ஓட்டுபவர் ஏறியதும் அவர் எடையால் மட்டும் கவை இறங்கும் அளவு. அமிழ்வு என்றால் போதும். அளப்பதும் எளிது. தலைக்கவசம், முதுகுப்பை, தண்ணீர் என்று வழக்கமாகச் சுமப்பது எல்லாவற்றோடும் ஏறி, பெடல்களின் மேல் நின்று, சுவரில் முழங்கையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கவையின் மேற்குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை இன்னொருவர் கீழே அடைப்புவரை தள்ளிவிடட்டும். பிறகு துள்ளாமல் மெதுவாக இறங்கினால், வளையம் எவ்வளவு மேலே நிற்கிறதோ அது அமிழ்வு. 120 மில்லிமீட்டர் கவையில் 25 சதவீதம் என்றால் 30 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் காற்றைக் கொஞ்சம் விட வேண்டும், கூடினால் அடிக்க வேண்டும். அதற்கென்று உள்ள சிறிய கைப்பம்பில்தான் அடிக்க வேண்டும். டயர்ப் பம்பு அந்த அழுத்தத்துக்குச் சரிப்படாது. அமிழ்வு எதற்கு என்றால், சக்கரம் குழிக்குள் இறங்கும்போது கவை நீண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கு. நீள இடமில்லாத கவையில் சக்கரம் குழிக்கு மேலே அந்தரத்தில் போகும். வளைவில் அப்படிப் போனால் விழ வேண்டியதுதான்.

"பயணம்" என்பது அமுங்குநீளம். எங்கேயும் போகாத குழாய்க்குப் பயணம் ஏன்? கதவடைப்பு என்பது வில்பூட்டு: தார்ச் சாலையில் மேடேறும்போது வில்லை அசையாமல் நிறுத்தும் திருகு. நின்று மிதிப்பவரின் உழைப்பைக் கவை விழுங்காமல் இருக்க அது உதவும். மண்பாதையில் இறங்குமுன் திறந்துவிட வேண்டும், மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். அமுங்கிய கவை திரும்பி நீளும் வேகம் மீள்வேகம். அதற்கு "எதிரொலிப்பு" என்று ஒரு குறிப்பில் படித்தேன். கவையிடம் பேசிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

எனக்குத் தனித்தமிழ் வெறி இல்லை. பிரேக், பெடல், செயின், டயர் எல்லாம் தமிழாகிப் பல தலைமுறை ஆயிற்று. பட்டறையில் நின்று சஸ்பென்ஷன் என்று கேட்பவரை நான் திருத்தப் போவதில்லை. இடைநீக்கத்தைவிட சஸ்பென்ஷன் ஆயிரம் மடங்கு நல்ல தமிழ். நான் கேட்பது, தமிழில் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு கூலி வாங்குபவர், எழுதும் பொருளை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும் என்பதுதான். அகராதியில் முதல் பொருளை எடுப்பவரும் வேர்ப்பொருளைத் தோண்டுபவரும் செய்வது ஒரே தவறு: இருவரும் சொல்லையே பார்க்கிறார்கள், சைக்கிளைப் பார்ப்பதில்லை.

பின்பக்கம் வில் இல்லாத வகைக்கு இப்போது "கடினமான வால்" என்றொரு பெயர் வந்திருக்கிறது. முன்னால் மட்டும் வில் இருந்தால் முன்வில் சைக்கிள், இரு பக்கமும் இருந்தால் இருவில் சைக்கிள், எங்குமே இல்லாவிட்டால் வில்லில்லாச் சைக்கிள். அன்றாடம் கடைக்கும் வேலைக்கும் போய்வர இந்த மூன்றாவதே தாராளம். விலையும் குறைவு, பராமரிப்பும் குறைவு.