கொடி வாங்கும் முன் குப்பையை எண்ணுங்கள்

பள்ளிகளில் பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் பொறுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "வெளிநாட்டு அமைப்பு ஏதோ பச்சைக் கொடி தருதாமே, நாமும் விண்ணப்பிக்கலாமா மேடம்?" தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் கொடிக்குப் பின்னால் உள்ள ஏற்பாடு என்ன, அதில் நமக்குப் பயன்படுவது எது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பல பள்ளிகள் கொடியை வாங்கிக்கொண்டு முறையை விட்டுவிடுகின்றன. என்னைக் கேட்டால், முறையை எடுத்துக்கொண்டு கொடியை விட்டாலும் நஷ்டமில்லை.

கொஞ்சம் பழைய கதை. 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில், சுற்றுச்சூழல் கல்விக்கு நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட வேண்டும் என்று பரிந்துரை வந்தது. யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து 1975-இல் அதைத் தொடங்கின. 1977 அக்டோபரில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த திபிலிசி நகரில் பல நாட்டு அரசுகள் கூடிப் பேசின. அங்கே சுற்றுச்சூழல் கல்விக்கு வகுத்த நோக்கங்கள் ஐந்து: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, போன வருடம் உங்கள் மன்றம் நடத்திய நிகழ்ச்சிகளை எதிரே எழுதிப் பாருங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினப் பேரணி, வாசகப் போட்டி, ஓவியப் போட்டி, மரக்கன்று நட்டு எடுத்த படம் என்று எல்லாம் முதல் சொல்லுக்கு எதிரிலேயே குவியும். (இந்தக் கட்டுரையையும் விழிப்புணர்வுக் கட்டுரை என்றுதான் கேட்டு வாங்கினார்கள், அதை விடுங்கள்.) சுற்றுச்சூழலைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடங்களோடும் கலந்து நடத்த வேண்டும் என்பதும் திபிலிசியில் சொன்னதுதான். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1991-இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது நல்ல விஷயம். ஆனால் பல வகுப்பறைகளில் அது மனப்பாடம் செய்து எழுதும் ஐந்து மார்க் கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

இனி கொடிக்கு வருவோம். அதைத் தருவது 1981-இல் ஐரோப்பாவில் உருவான சுற்றுச்சூழல் கல்விக்கான அறக்கட்டளை. இதன் அமைப்புமுறை எனக்குப் பிடிக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் நேராகப் பள்ளிக்கு வருவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஓர் உள்நாட்டு அமைப்பு உறுப்பினராக இருந்து திட்டத்தை நடத்தும். பச்சைக் கொடி கிடைப்பது ஈகோ ஸ்கூல்ஸ் என்ற திட்டத்தின் கீழ். இந்தியாவில் அதை நடத்துவது அகமதாபாதில் உள்ள சுற்றுச்சூழல் கல்வி மையம். 1984-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1992-இல் பிரேசிலின் ரியோவில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு முடிந்த கையோடு ஈகோ ஸ்கூல்ஸுக்கான யோசனை பிறந்து, 1994-இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

எல்லா நாட்டுக்கும் பொதுவானது ஏழு படிகள் மட்டும்தான். மாணவர் குழு அமைப்பது, பள்ளியின் நிலையை ஆய்வு செய்வது, செயல்திட்டம் போடுவது, நடப்பதைக் கண்காணிப்பது, பாடத்தோடு இணைப்பது, ஊரைச் சேர்த்துக்கொள்வது, கடைசியாக மாணவர்களே தங்களுக்கு ஓர் உறுதிமொழி எழுதிக்கொள்வது. உறுதிமொழி கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் அதை முதல் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே வலது கையை நீட்டச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

படிகள் பொது, உள்ளடக்கம் அவரவர் ஊருடையது. குளிர்நாட்டுப் பள்ளி ஆய்வு செய்தால், வெப்பமூட்டி ஓடும்போது ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்க்கும். நாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேல்நிலைத் தொட்டி நிரம்பி எத்தனை நிமிடம் கழித்து மோட்டாரை நிறுத்துகிறார்கள், யார் நிறுத்துகிறார்கள், வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதே நமக்கான கேள்வி. ஆளில்லாத வகுப்பில் ஃபேன் ஓடுகிறதா, சத்துணவுக்கூடத்தில் மிஞ்சிய சோறு எங்கே போகிறது, கழிப்பறைக் குழாய் சொட்டினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டியலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். நீங்கள் கவனிக்காத ஐந்தாறு விஷயங்கள் அதில் நிச்சயம் இருக்கும்.

ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். குப்பைத் தணிக்கைக்காக ஒரு நாள் குப்பை முழுவதையும் எரிக்காமல் சேர்த்துவைக்கச் சொல்லியிருந்தோம். பழைய ஃபிளெக்ஸ் ஒன்றை வேப்பமரத்தடியில் விரித்துக் கொட்டினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு பிரித்தார்கள்: மிட்டாய்த் தாள், சிப்ஸ் பாக்கெட், தீர்ந்துபோன பேனா ரீஃபில், காகிதம், சருகு. தனிக் குவியலாக ஒன்று வளர்ந்துகொண்டே போனது. டீ கப். காலையும் மாலையும் ஆசிரியர்கள் அறைக்கு வரும் டீயின் கப். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு என்பதை ஒரு மாணவி அங்கேயே சொன்னாள். நின்றிருந்த ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்த கூட்டம்தான் சுவாரசியம். எவர்சில்வர் டம்ளர் வாங்கலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். கழுவுவது யார்? பிள்ளைகள் கழுவக் கூடாது என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொன்னார். தூய்மைப் பணியாளர் அக்கா, "என் தலையில கட்டாதீங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம். முடிவில் அவரவர் டம்ளரை அவரவர் கழுவிக் கவிழ்ப்பது என்றானது. இதில் திறனும் பங்கேற்பும் இருந்தன, கணக்குப் பாடமும் இருந்தது. எடையையும் எண்ணிக்கையையும் பட்டை வரைபடமாகப் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். பேச்சுப் போட்டியில் இது எதுவும் வந்திருக்காது.

இதே அறக்கட்டளையின் இன்னொரு கொடி நமக்கு நன்றாகத் தெரியும். கடற்கரைகளுக்குத் தரும் நீலக் கொடி. 1985-இல் பிரான்ஸில் தொடங்கியது. சென்னையை அடுத்த கோவளம் 2021-இல் பெற்றது. கழிப்பறை, உயிர்காப்பாளர், சாய்வு நாற்காலி என்றுதான் இதைப் பலரும் நினைக்கிறார்கள். ஒரு பருவத்துக்குக் குறைந்தது 5 சுற்றுச்சூழல் கல்வி நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும், நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கடற்கரையில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் விதி. 100 மில்லி கடல்நீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கை 250-ஐத் தாண்டக் கூடாது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போனால் முதலில் அந்தப் பலகையின் முன் நிறுத்துங்கள். ஈ.கோலை எங்கிருந்து கடலுக்கு வருகிறது என்று கேட்டால் பேச்சு தானாகவே ஊர்ச் சாக்கடைக்கு வந்துவிடும்.

கொடியே இல்லாத ஒரு கூட்டுறவும் இருக்கிறது: குளோப் திட்டம். 1995-இல் தொடங்கியது, நாசா உள்ளிட்ட அமெரிக்க அமைப்புகளின் ஆதரவில் நடப்பது, இந்தியா உட்பட 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருப்பது. மாணவர்கள் மழை, வெப்பநிலை, மண், மேகம் ஆகியவற்றை ஒரே முறையில் அளந்து பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்கிறார்கள். மேகத்துக்குக் கருவிகூடத் தேவையில்லை. வானத்தில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது, என்ன வகை, புகையோ தூசியோ மறைக்கிறதா என்று செல்போன் செயலியில் குறித்தால் போதும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. உயர மேகம் மறைத்தால் அதற்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. மைதானத்தில் அண்ணாந்து நிற்கும் ஏழாம் வகுப்பு மாணவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் செயற்கைக்கோள் ஏதும் கடந்திருந்தால், அது கண்டதையும் நாம் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாசாவிலிருந்து மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அந்த மின்னஞ்சல் வந்த நாளில் வகுப்பில் இருக்கும் உற்சாகத்தைச் சான்றிதழ் விழாவில் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிடிக்காத வகை ஒன்றும் உண்டு: இரண்டு நாட்டுப் பள்ளிகள் வீடியோ அழைப்பில் சந்தித்து, ஆளுக்கு ஒரு நடனம் ஆடிக் கையசைத்துவிட்டுப் போவது. தப்பில்லை, பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். அதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். மாறாக, 1989-இல் பின்லாந்தின் முயற்சியில் வட ஐரோப்பாவில் தொடங்கிய பால்டிக் கடல் திட்டத்தில் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பள்ளிகள் ஒரே மாதிரி அளவெடுத்து ஒப்பிட்டன. அவர்களுக்குப் பேச ஒரு பொதுக் கடல் இருந்தது. நாமும் அயல்நாட்டுப் பள்ளியோடு பேசும் முன் இரு பக்கமும் ஒரே கேள்விக்கு ஒரு மாதம் கணக்கெடுத்துவிட்டுப் பேசலாம். தண்ணீர், மதிய உணவு மிச்சம், குப்பை, எதுவாகவும் இருக்கட்டும்.

விண்ணப்பிக்கப் போகும் பொறுப்பாசிரியர்கள் சிலவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் உண்டா, சான்று எத்தனை ஆண்டுக்குச் செல்லும், நீங்கள் மாற்றலாகிப் போனால் கோப்பை யார் தொடர்வார்? மாணவர் படங்களை வெளியிடப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆய்வுப் பட்டியலைத் தமிழில் எழுதி மாணவர் கையில் கொடுங்கள். ஆங்கில அறிக்கையை நீங்கள் பிறகு தயாரித்துக்கொள்ளலாம். குழுவில் சத்துணவு அமைப்பாளரும் தூய்மைப் பணியாளரும் இல்லாவிட்டால் செயல்திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். தணிக்கையை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். அதை அடுத்து வடகிழக்குப் பருவமழையில் நனைந்த குப்பையை எடைபோட முடியாது.